கர்ப்பத்தில் வெள்ளைப்படுதல்: 'நார்மல்தான்' என்று சொல்லும் முன் நாலு கேள்வி

இது எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். படிக்க வசதியாகப் பேச்சைச் சுருக்கி, கொஞ்சம் எழுத்து நடைக்கு மாற்றியிருக்கிறோம். சில இடங்களைப் பேசியபடியே விட்டிருக்கிறோம். விருந்தினர், சென்னையில் பல வருடங்களாகப் பிரசவம் பார்த்துவரும் மகப்பேறு மருத்துவர். தன்னிடம் வரும் பெண்களைப் பற்றிப் பேசுவதால் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

தொகுப்பாளர்: இன்றைக்கு எடுத்திருக்கும் தலைப்பு வெள்ளைப்படுதல். மெட்ரோவில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிறவர்கள் யாராவது இருந்தால், இப்பவே ஹெட்போனைத் தேடுவீர்கள் என்று தெரியும். அந்தக் கூச்சத்தைப் பற்றியும் பேசத்தான் போகிறோம்.

முதலில் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். என் தோழி கர்ப்பமாக இருந்தபோது, 31வது வாரத்தில், ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போட்டாள். "டீ, ரொம்ப ஈரமா இருக்கு. ரெண்டு தடவ மாத்திட்டேன். வெள்ளைப்படுறது இப்படித் தண்ணியா இருக்குமா?" எனக்கு அப்போது குழந்தை பிறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எல்லாம் தெரிந்தவள் மாதிரி உடனே பதில் போட்டேன். "எனக்கும் கடைசி மாசங்கள்ல அப்படித்தான் இருந்துச்சு. நார்மல்தான். தூங்கு."

அவள் தூங்கினாள். மறுநாள் ஆபீஸும் போனாள். சாயந்தரம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அது வெள்ளைப்படுதல் இல்லை, பனிக்குட நீர் கசிந்திருக்கிறது. ஒரு வாரத்தில் பையன் பிறந்துவிட்டான். மூன்று வாரத்துக்கு மேல் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். இப்போது நன்றாக இருக்கிறான், ப்ளே ஸ்கூல் போகிறான். இதைப் பேசலாமா என்று அவளிடம் கேட்டேன். "பேசு, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றாள்.

டாக்டர், அன்றைக்கு நான் சொன்னது எவ்வளவு பெரிய தப்பு?

டாக்டர்: நீங்கள் சொன்னது பெரும்பாலான நேரம் சரியான பதில். சிக்கலே அதுதான். கர்ப்பத்தில் வெள்ளைப்படுதல் அதிகமாவது சகஜம், கிட்டத்தட்ட எல்லாருக்கும் வரும். அதனால் அம்மா, அக்கா, தோழி, எல்லாருமே "நார்மல்தான்" என்று சொல்வார்கள். சொன்னவர்கள் எல்லாரும் அவரவர் அனுபவத்தில் உண்மையைத்தான் சொன்னார்கள். ஆனால் அவர்களுக்கு வந்ததும் உங்களுக்கு வந்ததும் ஒன்றுதானா என்று யாரும் கேட்பதில்லை.

நான் எல்லாருக்கும் சொல்வது இது: பதில் சொல்லும் முன் நாலு கேள்வி கேளுங்கள். எத்தனையாவது வாரம்? என்ன நிறம்? நாற்றம், அரிப்பு, எரிச்சல் இருக்கிறதா? கெட்டியாக இருக்கிறதா, இல்லை தண்ணீர் மாதிரி நிற்காமல் வருகிறதா? இந்த நாலுக்கும் பதில் கிடைத்தால், வீட்டில் இருக்கலாமா, நாளைக்கு டாக்டரைப் பார்க்கலாமா, இப்பவே கிளம்பணுமா என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

### சகஜமானது எப்படி இருக்கும்?

தொகுப்பாளர்: நார்மல் எது என்று முதலில் சொல்லுங்க.

டாக்டர்: நிறம் இல்லாமல், அல்லது பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். துணியில் காய்ந்தால் லேசான மஞ்சள் கறை தெரியலாம், அது பரவாயில்லை. மெலிதாக, கொஞ்சம் வழவழப்பாக இருக்கும். பெரிதாக நாற்றம் இருக்காது. அரிப்பு, எரிச்சல், வலி எதுவும் இருக்காது. கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே கூட ஆரம்பிக்கும், மாதம் ஏற ஏற அளவும் கூடும்.

தொகுப்பாளர்: ஏன் கூடுகிறது?

டாக்டர்: இரண்டு காரணம். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் அதிகமாகிறது, அந்தப் பகுதிக்கு ரத்த ஓட்டமும் அதிகமாகிறது. கருப்பை வாயும் பிறப்புறுப்பின் உள்சுவரும் கூடுதலாகச் சுரக்கின்றன. அதற்கு ஒரு வேலையும் இருக்கிறது. பிறப்புறுப்புக்குள்ளே லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா இருக்கிறது. தயிரை உறைய வைக்கும் பாக்டீரியா இருக்கிறதே, அதற்குச் சொந்தக்காரர் மாதிரி. அது அமிலத்தை உண்டாக்கி உள்ளே பி.எச். அளவை 3.8லிருந்து 4.5க்குள் வைத்திருக்கிறது. அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் வளர்வது கஷ்டம். அதோடு கருப்பை வாயில் கெட்டியான சளி ஒன்று மூடி மாதிரி அடைத்துக்கொண்டிருக்கிறது. மொத்தத்தில் கிருமி குழந்தை பக்கம் ஏறாமல் உடம்பு காவல் போட்டிருக்கிறது. நீங்கள் துணியில் பார்க்கும் அந்த ஈரம், அந்தக் காவலின் ஒரு பகுதி.

தொகுப்பாளர்: எங்க பாட்டி "வெள்ளைப்பட்டா உடம்புல சத்தெல்லாம் கரைஞ்சு போயிடும்"னு சொல்வாங்க. "சூடு"ன்னும் சொல்வாங்க.

டாக்டர்: தினமும் கேட்கிறேன். எலும்பு உருகி வெளியே வருகிறது என்று பயந்து வருகிறவர்கள் உண்டு. அப்படி எதுவும் கரைந்து போவதில்லை. கர்ப்பத்தில் அசதியாக இருக்கிறது என்றால் அதற்கு ரத்தசோகை மாதிரி வேறு காரணம் இருக்கலாம், ஹீமோகுளோபின் பார்க்கணும். சூடு என்று இளநீர் குடிக்கிறீர்களா, தாராளமாகக் குடியுங்கள், தப்பில்லை. ஆனால் தொற்று இருந்தால் இளநீரும் வெந்தயமும் அதைச் சரிசெய்யாது. "சூடுதான்" என்று இரண்டு வாரம் தள்ளிப்போடுவதுதான் பிரச்சினை.

### நிறம், நாற்றம், அரிப்பு

தொகுப்பாளர்: தொற்று என்றால் எப்படித் தெரியும்?

டாக்டர்: அதிகம் பார்ப்பது மூன்று. முதலாவது ஈஸ்ட், அதாவது பூஞ்சைத் தொற்று. திரிந்த பால் மாதிரி, கெட்டித் தயிர் மாதிரி வெள்ளையாகத் திட்டுத் திட்டாக வரும். பெரிய நாற்றம் இருக்காது. ஆனால் அரிப்பு தாங்க முடியாது, வெளிப்பக்கம் சிவந்து வீங்கலாம், சிறுநீர் போகும்போது எரியும். கர்ப்பத்தில் இது சாதாரணமாகவே அதிகம் வரும். நல்ல செய்தி, பொதுவாகக் குழந்தையைப் பாதிக்காது. பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரை அல்லது கிரீம், பெரும்பாலும் ஏழு நாள். கேட்கும்.

ஈஸ்ட் திரும்பத் திரும்ப வந்தால் சுகரையும் பார்க்க வேண்டும். சுகர் கூடினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் எல்லாருக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்கிறார்கள். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா?

தொகுப்பாளர்: மறக்க முடியுமா, அந்தத் தித்திப்பு!

டாக்டர்: அதேதான். அதில் 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகால நீரிழிவு என்று எடுத்துக்கொண்டு சிகிச்சை ஆரம்பிப்போம். முதல் தடவை சரியாக இருந்தாலும், அரிப்பு மறுபடி மறுபடி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், திரும்பப் பார்ப்பார்.

இரண்டாவது, பாக்டீரியல் வஜைனோசிஸ். நல்ல பாக்டீரியா குறைந்து, மற்றவை பெருகிவிடும். சாம்பல் கலந்த வெள்ளையாக, மெலிதாக வரும். மீன் வாடை அடிக்கும், உடலுறவுக்குப் பிறகு அந்த வாடை கூடும். அரிப்பு பெரிதாக இருக்காது. அரிப்பு இல்லையே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் இதற்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் தொடர்பு இருப்பது தெரிந்திருப்பதால், அறிகுறி இருந்தால் சிகிச்சை எடுக்கணும். கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மாத்திரை இருக்கிறது.

மூன்றாவது, டிரைக்கோமோனாஸ். மஞ்சளாகவோ பச்சையாகவோ, சில சமயம் நுரையோடு வரும். நாற்றம், அரிப்பு, எரிச்சல் மூன்றும் இருக்கலாம். இது உடலுறவால் பரவுவது. இதற்கும் குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகியவற்றோடு தொடர்பு உண்டு. கணவருக்கும் சேர்த்து சிகிச்சை தரணும். அவருக்கு ஒரு அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம், அதனால் "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்பார். மனைவிக்கு மட்டும் மாத்திரை கொடுத்தால் திரும்ப வந்துவிடும்.

தொகுப்பாளர்: அந்தப் பேச்சை வீட்டில் எடுப்பது சுலபம் இல்லை டாக்டர்.

டாக்டர்: தெரியும். அதனால் நானே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவேன். யார் யாருக்குக் கொடுத்தது என்ற விசாரணைக்குள் போக மாட்டேன். சில தொற்றுகள் அறிகுறியே காட்டாமல் நாள்கணக்கில் உள்ளே இருக்கும். குழந்தைக்காக இரண்டு பேரும் மருந்து சாப்பிடணும், அவ்வளவுதான். உங்கள் டாக்டரிடமும் "நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க" என்று கேட்கலாம்.

இதில் கிளமிடியா, கொனோரியா மாதிரி வேறு தொற்றுகளும் இருக்கின்றன. கவனிக்காமல் விட்டால் பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணைப் பாதிக்கும். ஒன்று சொல்கிறேன், நிறத்தை வைத்து நாம் ஊகிக்கத்தான் முடியும். இரண்டு தொற்று சேர்ந்தும் இருக்கலாம். எது என்று உறுதியாகத் தெரிய டாக்டர் பார்க்கணும், தேவைப்பட்டால் ஸ்வாப் எடுத்து லேபுக்கு அனுப்பணும்.

### மெடிக்கல் ஷாப்பும் வாஷ் பாட்டிலும்

தொகுப்பாளர்: நம் ஆட்கள் முதலில் போவது தெருமுனை மெடிக்கல் ஷாப்புக்குத்தான்.

டாக்டர்: அங்கே "வெள்ளைப்படுது" என்று சொன்னால் பல சமயம் ஒரு கிட் எடுத்துக் கொடுப்பார்கள். ஒரே அட்டையில் இரண்டு மூன்று வகை மாத்திரை. கர்ப்பம் என்று நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள், அவரும் கேட்டிருக்க மாட்டார். அதில் ஃப்ளூக்கோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை இருக்கும். கர்ப்பத்தில் அதை வாய்வழியாக எடுப்பதைத் தவிர்க்கச் சொல்கிறோம், குறிப்பாக முதல் மூன்று மாதத்தில். அதே பூஞ்சைக்கு உள்ளே வைக்கும் பாதுகாப்பான மருந்து இருக்கும்போது, எதற்கு அந்த ரிஸ்க்? போன கர்ப்பத்தில் எழுதிக்கொடுத்த மாத்திரை, அக்காவுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை, இதெல்லாமும் வேண்டாம்.

தொகுப்பாளர்: வாசனை வாஷ், வைப்ஸ்?

டாக்டர்: உள்ளே கழுவவே கூடாது. அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் இடம். வாஷ் போட்டு, டெட்டால் போட்டு, பைப்பில் தண்ணீர் அடித்துக் கழுவினால் அந்த நல்ல பாக்டீரியா போய்விடும். பிறகு நாற்றம் வரும், நாற்றம் வந்தது என்று இன்னும் கழுவுவீர்கள். வெளிப்பக்கம் மட்டும் சாதாரணத் தண்ணீரில் கழுவினால் போதும். டாய்லெட் போனால் முன்னாலிருந்து பின்னால் துடைக்கணும். காட்டன் உள்ளாடை போடுங்கள், ஈரமானால் மாற்றுங்கள். ஆபீஸில் இருப்பவர்கள் வாசனை இல்லாத பேன்ட்டி லைனர் வைக்கலாம், ஆனால் காலையில் வைத்ததை ராத்திரி வரை வைத்திருக்காதீர்கள். டாம்பன் கூடாது. தயிர், பூண்டு, மஞ்சள் எதையும் உள்ளே வைக்காதீர்கள். அதெல்லாம் சமையலுக்கு.

### தண்ணீராக வந்தால்

தொகுப்பாளர்: இப்போது என் தோழி விஷயத்துக்கு வருவோம். அது பனிக்குட நீர் என்று அவளுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? சினிமாவில் குடம் உடைந்த மாதிரி கொட்டும், உடனே வலி வரும். இவளுக்கு வலியே இல்லை.

டாக்டர்: நிறையப் பேரைச் சினிமாதான் ஏமாற்றுகிறது. சிலருக்கு அப்படிக் கொட்டும். பலருக்குச் சின்ன ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கசியும். வலி இல்லாமலும் இருக்கலாம். தண்ணீர் மாதிரி இருக்கும், நிறம் இருக்காது அல்லது வைக்கோல் நிறத்தில் வெளிர் மஞ்சளாக இருக்கும். சிறுநீர் நாற்றம் அடிக்காது. முக்கியமான விஷயம், அடக்க முடியாது. சிறுநீரை இறுக்கி நிறுத்தலாம், இதை நிறுத்த முடியாது. படுத்திருக்கும்போது உள்ளே தேங்கி, எழுந்து நின்றதும் குபுக்கென்று வரும்.

கடைசி மாதங்களில் கருப்பை மூத்திரப்பையை அழுத்துவதால் இருமும்போது, தும்மும்போது சிறுநீர் கசிவதும் சகஜம். அதனால் குழப்பம் வரத்தான் செய்யும். சந்தேகம் வந்தால் இப்படிச் செய்யுங்கள். டாய்லெட் போய் மூத்திரப்பையைக் காலி செய்யுங்கள். நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு புது வெள்ளைப் பேடு வையுங்கள். மணியைப் பாருங்கள். கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு எழுந்து நடங்கள். பேடு தண்ணீராக நனைந்தால், நாற்றமும் சிறுநீர் மாதிரி இல்லை என்றால், பனிக்குட நீராக இருக்கலாம். அந்தப் பேடைக் கவரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தொகுப்பாளர்: அந்த டெஸ்ட்டில் பேடு நனையவில்லை என்றால் வீட்டிலேயே இருக்கலாமா?

டாக்டர்: 37 வாரம் முடியாதவர்கள் இருக்க வேண்டாம். கசிவு விட்டு விட்டும் வரலாம். இந்தப் பேடு விஷயம் டாக்டரிடம் தெளிவாகச் சொல்வதற்காகத்தான். கிளம்புவதைத் தள்ளிப்போடுவதற்காக இல்லை. முதலில் போன் செய்யுங்கள், பேடும் வையுங்கள், பையும் எடுங்கள். கொட்டுகிற மாதிரி வந்தால் டெஸ்ட் எதுவும் வேண்டாம், நேராகக் கிளம்புங்கள்.

தொகுப்பாளர்: ஏன் அவ்வளவு அவசரம்?

டாக்டர்: பனிக்குடம் மூடியிருக்கும்வரை குழந்தைக்கும் வெளியிலிருக்கும் கிருமிக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. அது கிழிந்துவிட்டால் கிருமி மேலே ஏறலாம், பிரசவ வலி ஆரம்பிக்கலாம். மாதம் நிறைந்த பிறகு நூறில் சுமார் எட்டுப் பேருக்கு வலி வருவதற்கு முன்பே தண்ணீர் போய்விடும். அதுவும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டிய விஷயம்தான், ஆனால் குழந்தை வளர்ந்திருக்கும். நூறில் சுமார் மூன்று பேருக்கு 37 வாரத்துக்கு முன்பே போய்விடுகிறது. அதுதான் கவலை.

அப்போது நாங்கள் உடனே பிரசவம் பார்த்துவிடுவோம் என்று பயப்பட வேண்டாம். தொற்று இல்லை, குழந்தை நன்றாக இருக்கிறது என்றால், உள்ளேயே எவ்வளவு நாள் வைத்திருக்க முடியுமோ வைத்திருக்கப் பார்ப்போம். தொற்று வராமல் ஆன்டிபயாடிக் கொடுப்போம். 34 வாரத்துக்குள் என்றால் குழந்தையின் நுரையீரல் பலப்பட அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவோம். அந்த ஊசி போட்டு 24 மணி நேரம் ஆன பிறகுதான் அதன் முழுப் பலன் கிடைக்கும். அதனால்தான் ஒரு ராத்திரி, ஒரு பகல் கூட எங்களுக்குப் பெரிய விஷயம்.

தொகுப்பாளர்: ...அவளுக்கு ஊசி போட நேரம் கிடைத்தது. அது அதிர்ஷ்டம்தான்.

டாக்டர்: ஆமாம். அன்றைக்கு ராத்திரியே வலி வந்திருந்தால் கிடைத்திருக்காது. உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று. "ஏழாம் மாசம் பிறந்தா பிழைச்சுக்கும், எட்டாம் மாசம் பிறந்தா கஷ்டம்" என்று வீட்டில் சொல்வார்கள். அது தப்பு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குக் கூடுதல் பலம்.

வரும் தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கலாம், இன்னும் வேகமாக வரணும். காய்ச்சல், நாற்றமடிக்கும் கசிவு, வயிற்று வலி, குழந்தையின் அசைவு குறைவது, இதில் எது சேர்ந்தாலும் அப்படித்தான். மிக அரிதாக, தண்ணீர் போகும்போது தொப்புள்கொடி கீழே வந்துவிடும். கயிறு மாதிரி ஏதோ தட்டுப்பட்டால் அதைத் தள்ளாதீர்கள். 108க்குக் கூப்பிட்டுவிட்டு, முழங்கால் போட்டு, தலையைத் தாழ்த்தி, இடுப்பைத் தூக்கி வைத்துக்கொண்டிருங்கள். தண்ணீர் போக ஆரம்பித்த பிறகு உடலுறவு வேண்டாம், உள்ளே எதையும் வைக்க வேண்டாம்.

### ரத்தம் கலந்து வந்தால்

தொகுப்பாளர்: பழுப்பாக, பிங்க்காக வந்தால்?

டாக்டர்: பழுப்பு என்றால் பெரும்பாலும் பழைய ரத்தம், சிவப்பு என்றால் புதுசு. முதல் மூன்று மாதத்தில் நான்கில் ஒருவருக்கு லேசாகவாவது ரத்தம் படுகிறது. அதில் பலருக்குக் கர்ப்பம் நன்றாகவே தொடர்கிறது. அதனால் ஒரு துளி பார்த்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று அழ வேண்டாம். ஆனால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லணும். இன்னும் ஸ்கேன் எடுக்காதவர்களுக்கு ஒரு பக்கமாகக் கடும் வயிற்று வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம் இருந்தால், கர்ப்பம் கருக்குழாயில் தங்கியிருக்கலாம். அது உயிருக்கு ஆபத்து. அப்போது காத்திருக்கவே கூடாது.

பிற்பாதியில் வரும் ரத்தத்தை எப்போதும் அவசரமாகத்தான் பார்க்கணும். வலியே இல்லாமல் பளிச்சென்று சிவப்பாக வந்தால், நச்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை மூடியிருக்கலாம். வயிறு கல் மாதிரி இறுகி, வலியோடு வந்தால் நச்சுக்கொடி பிரிந்திருக்கலாம். அதில் வெளியே வரும் ரத்தம் குறைவாகக்கூட இருக்கும், உள்ளே அதிகம் தேங்கியிருக்கும். அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். உங்கள் ஸ்கேனில் நச்சுக்கொடி கீழே இருப்பதாக எழுதியிருந்தால், போனதும் முதலில் அதைச் சொல்லுங்கள். ஸ்கேனில் அது எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் கை விட்டுப் பரிசோதிக்கக் கூடாது.

ரத்த வகை நெகட்டிவ் உள்ளவர்கள் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். ரத்தப்போக்குக்குப் பிறகு சிலருக்கு ஆன்டி-டி ஊசி தேவைப்படும், 72 மணி நேரத்துக்குள் போடணும்.

தொகுப்பாளர்: பிரசவம் நெருங்கும்போது ஜெல்லி மாதிரி வரும் என்பார்களே?

டாக்டர்: முதலில் சொன்னேனே, கருப்பை வாயை அடைத்திருக்கும் சளி மூடி. அதுதான் கழன்று வரும். கொழகொழவென்று, இளஞ்சிவப்பு கோடு கோடாக இருக்கும். 37 வாரம் முடிந்த பிறகு வந்தால் உடம்பு பிரசவத்துக்குத் தயாராகிறது என்று அர்த்தம். சில மணி நேரத்திலும் வலி வரலாம், சில நாள் கழித்தும் வரலாம். அதே ஜெல்லி 30வது வாரத்தில் வந்தால், இடுப்பு வலி, விட்டு விட்டு வயிறு இறுகுவது, கீழே அழுத்துகிற மாதிரி உணர்வு சேர்ந்திருந்தால், குறைமாத வலியாக இருக்கலாம், உடனே வரணும். பாருங்கள், வந்தது ஒன்றுதான். வாரம் மாறினால் அர்த்தமே மாறிவிடுகிறது. அதனால்தான் முதல் கேள்வியாக வாரத்தை வைத்தேன்.

### ஆஸ்பத்திரியில் எப்படிச் சொல்வது?

தொகுப்பாளர்: ஓ.பி.யில் நாலு பேர் நிற்கும்போது, கூடவே மாமியார் இருக்கும்போது, இதை எப்படிச் சொல்வது?

டாக்டர்: வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள், போனில் டைப் செய்து காட்டுங்கள். "31 வாரம். நேத்து ராத்திரி 11 மணியிலிருந்து தண்ணியா போகுது. நிறம் இல்ல, நாத்தம் இல்ல. மூணு பேடு மாத்தியிருக்கேன். வலி இல்ல, குழந்தை அசையுது." இது போதும், நர்ஸ் உடனே உள்ளே கூட்டிப்போய்விடுவார். "ஒரு மாதிரியா இருக்கு" என்று மட்டும் சொன்னால் வரிசையில்தான் உட்கார வைப்பார்கள். தனியாகப் பேசணும் என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாமல்தான் பலர் பயப்படுகிறார்கள். வாத்து அலகு மாதிரி ஒரு கருவியை மெதுவாக வைத்துப் பார்ப்போம், கொஞ்சம் அழுத்தமாக இருக்கும், சில நிமிடத்தில் முடிந்துவிடும். பஞ்சுக் குச்சியால் கொஞ்சம் எடுப்போம். சிறுநீர் டெஸ்ட், தேவைப்பட்டால் ஸ்கேன், குழந்தையின் இதயத்துடிப்பு பார்ப்போம். பெண் ஊழியர் கூட இருக்கணும் என்று கேட்கலாம்.

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகை, தாய்-சேய் நல அட்டை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், போனிலும் போட்டோ எடுத்து வையுங்கள். குறைமாதக் குழந்தையைப் பார்க்கும் வசதி அந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று போன முதல் வாரமே விசாரித்துவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு விசாரிக்க முடியாது.

### சுருக்கமாக

வீட்டில் இருக்கலாம்: நிறம் இல்லாமல் அல்லது பால் வெள்ளையாக, மெலிதாக, நாற்றம், அரிப்பு, வலி எதுவும் இல்லாமல் வந்தால். அடுத்த செக்கப்பில் சொன்னால் போதும்.

ஓரிரு நாளில் டாக்டரைப் பாருங்கள்: தயிர் மாதிரி திட்டுத் திட்டாக, அரிப்போடு, சாம்பல் வெள்ளையாக, மீன் வாடையோடு, மஞ்சளாக, பச்சையாக, நுரையோடு, சிறுநீர் போகும்போது எரிச்சல், பிறப்புறுப்பில் புண்.

அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள்: முதல் மூன்று மாதத்தில் லேசாக ரத்தம் பட்டால். கூடவே கடும் வலி, மயக்கம் இருந்தால் உடனே கிளம்புங்கள்.

இப்பவே கிளம்புங்கள், எந்த நேரமானாலும்: தண்ணீர் மாதிரி கொட்டினால், அல்லது நிற்காமல் கசிந்தால், தண்ணீர் பச்சையாக, பழுப்பாக இருந்தால், பிற்பாதியில் ரத்தம் வந்தால், எந்த மாதத்திலும் அதிகமாக வந்தால், 37 வாரத்துக்கு முன் ஜெல்லி மாதிரி வந்தால், வயிறு விட்டு விட்டு இறுகினால், கசிவோடு காய்ச்சல், வயிற்று வலி இருந்தால், குழந்தையின் அசைவு குறைந்தால். ஆம்புலன்ஸுக்கு 108. தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனை கேட்க 104.

தொகுப்பாளர்: கடைசியாக ஒரு கேள்வி. ராத்திரி ஓடிவந்து, ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளைப்படுதல்தான் என்று தெரிந்தால்? டியூட்டி டாக்டர் திட்ட மாட்டாரா?

டாக்டர்: எரிந்து விழுகிறவர்கள் இருக்கலாம், இல்லை என்று சொல்ல மாட்டேன். திட்டு வாங்கினால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். என்னைக் கேட்டால், ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிய பத்துப் பேரைப் பற்றி நான் ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. வராமல் இருந்த ஒருவரை மறக்க முடிவதில்லை.

தொகுப்பாளர்: நன்றி டாக்டர்.

போன மாசம் ஆபீஸில் ஒரு பொண்ணு பான்ட்ரியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, ஒண்ணு கேக்கணும், இது நார்மல்தானே?" என்று ஆரம்பித்தாள். "நார்மல்தான்" என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. முழுங்கிவிட்டு, "எத்தனையாவது வாரம்மா?" என்று கேட்டேன். அவளுக்கு வந்தது வெறும் ஈஸ்ட்தான், மருந்து வைத்து ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. ஆனால் அதை நான் சொல்லவில்லை, அவளுடைய டாக்டர் பார்த்துச் சொன்னார்.

இந்த எபிசோடைக் கர்ப்பமாக இருக்கும் தோழிக்கு மட்டும் அனுப்பாதீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு அவள் யாரிடம் கேட்பாளோ, அவருக்கும் அனுப்புங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.